மாடித் தொட்டியில் மிளகாய், தக்காளி: தண்ணீர் எவ்வளவு, உரம் எவ்வளவு?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: சென்னையில் மொட்டை மாடி, 12 அங்குல க்ரோ பேக்குகள், மிளகாயும் தக்காளியும். கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவு), மண்புழு உரம், கொஞ்சம் செம்மண் சேர்த்த கலவை. காலையில் ஒரு மக், மாலையில் ஒரு மக் தண்ணீர், தவறாமல். தளம் நனையக் கூடாதென்று ஒவ்வொரு பையின் கீழும் ஒரு பிளாஸ்டிக் தட்டு. இரண்டு மாதமாகியும் செடி ஒரு சாண் தாண்டவில்லை, அடியிலை மஞ்சளாகி உதிர்கிறது. கடைக்காரர் சத்துப் போதவில்லை என்று 19:19:19 என்ற உரத்தைக் கொடுத்தார். பைக்கு ஒரு ஸ்பூன் தூவினீர்கள், மூன்றாம் நாள் இலை ஓரம் கருகிவிட்டது. இனி எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உரம்?

முதலில் அந்த உரப் பொட்டலத்தை மடித்து உள்ளே வைத்துவிடுங்கள். இப்போதைக்கு அது வேண்டாம். ஒரு சாண் செடி, பை நிறைய மண்புழு உரம் கலந்த கலவை. அதற்குள் சத்துத் தீர்ந்திருக்க வாய்ப்பே இல்லை. வேர் எந்நேரமும் ஈரத்தில் நிற்கிறது, அதனால் பக்கத்தில் இருக்கிற சத்தையும் எடுக்க முடியவில்லை. அந்த நிலையில் உரத்தைக் கொட்டினால் கருகத்தான் செய்யும். தொட்டிச் செடியில் தண்ணீர் சரியாகாமல் உரத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. சத்துக் குறை என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வருகிற படங்களில் பெரும்பாலானவை தண்ணீர்க் கோளாறுதான்.

காரணம் எளிது. வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். நிலத்தில் ஊற்றும் தண்ணீரைக் கீழே உள்ள மண் இழுத்துக்கொண்டே போகும். தொட்டியில் இருப்பது ஓர் அடி உயரம் மட்டுமே. துளை வழியாக ஒழுகி நின்ற பிறகும், அடியில் சில அங்குல உயரத்துக்குக் கலவை தண்ணீரைப் பிடித்துக்கொண்டு சொதசொதவென்று இருக்கும். அது காய்வதற்குள் மறுபடி ஒரு மக் விழுந்தால் அந்த அடிப்பகுதி காற்றையே பார்க்காது. அங்கே வேர் பழுப்பாகி அழுகும், மேலே இலை வெளுக்கும். இன்னொன்று, தண்ணீர் வடிய வேண்டுமென்று அடியில் ஜல்லி பரப்புகிற வழக்கம் உண்டு. அதனால் லாபம் இல்லை. அந்த ஈரப் பட்டை ஜல்லிக்கு மேலே வந்து உட்காரும், அவ்வளவுதான். வேருக்கு உள்ள இடம் குறைந்ததுதான் மிச்சம். துளை அடைபடாமல் ஓர் ஓட்டுச் சில்லோ கொசுவலைத் துண்டோ போதும்.

உங்கள் தட்டு இந்தச் சங்கடத்தை இரட்டிப்பாக்குகிறது. வடிந்த தண்ணீர் தட்டில் நிற்க, பை அதையே திரும்ப உறிஞ்சுகிறது. வடியும்போது அது கழுவிக்கொண்டு வந்த உப்பும் சேர்ந்து மேலே ஏறுகிறது. தளம் கெடுமே என்ற கவலை நியாயம்தான். பைகளை இரண்டிரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள், வடிகிற தண்ணீர் ஓடிப் போய்க் காய்ந்துவிடும். செங்கல் வைத்தால் அடியில் காற்றும் போகும், வெயிலில் கொதிக்கிற தளத்தின் சூடும் வேரில் நேராக ஏறாது. தட்டு வைத்தே ஆக வேண்டுமென்றால் அரை மணி கழித்து அதைக் காலி செய்ய வேண்டும். தினமும் யார் செய்வார்கள்? செங்கலே நல்லது.

சரி, எப்போது ஊற்றுவது? கடிகாரத்தைப் பார்த்து ஊற்றாதீர்கள், பையைத் தூக்கிப் பாருங்கள். நன்றாக நனைந்து வடிந்த பையை ஒரு முறை இரண்டு கையாலும் சற்றே சாய்த்துத் தூக்கி அந்தக் கனத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோகோபீட் கலவை தன் கொள்ளளவில் பாதியளவுக்குத் தண்ணீர் பிடிக்கும். ஆகவே நனைந்த பைக்கும் காய்ந்த பைக்கும் உள்ள வித்தியாசம் சில கிலோ. கை ஒரு வாரத்தில் பழகிவிடும். கனம் பாதிக்கு மேல் குறைந்தால் ஊற்றலாம். தூக்க முடியாத பெரிய தொட்டியென்றால் ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை உள்ளே விடுங்கள். கோகோபீட் விஷயத்தில் மேற்பரப்பை நம்பக் கூடாது. மேலே வெளுத்து, காய்ந்து, பொருக்குத் தட்டியிருக்கும். இரண்டு அங்குலம் கீழே பிழிந்தால் தண்ணீர் சொட்டும். புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் அளவுக்கு மேல் ஊற்றுவதற்கு இந்த மேல் பொருக்கே முக்கியக் காரணம்.

செடி வாடியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஊற்றாதீர்கள். தண்ணீர் இல்லாமலும் இலை தொங்கும், தண்ணீர் மிகுந்து வேர் மூச்சு முட்டினாலும் இலை தொங்கும். பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். காய்ந்த செடியின் இலை மெலிந்து துணிபோலத் தளர்ந்திருக்கும், ஊற்றிய ஒரு மணி நேரத்தில் நிமிரும். மூச்சு முட்டிய செடியின் இலை தடித்துக் கீழ்நோக்கி வளைந்திருக்கும், ஊற்றினாலும் நிமிராது. சித்திரை, வைகாசி வெயிலில் நடுப்பகலில் தக்காளி வாடுவது தனிக் கதை. கலவையில் ஈரம் இருந்தாலும் இலையிலிருந்து போகிற வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது. சாயங்காலம் கடற்காற்று வந்ததும் தானாக நிமிர்ந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். காலை 6 மணிக்கும் தொங்கிக்கொண்டு நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக என்பார்களே, தொட்டிக்கும் அதே முறைதான். ஊற்றும்போது முழுதாக ஊற்றுங்கள், பிறகு காய விடுங்கள். பூவாளியால் சுற்றிவரச் சமமாக ஊற்றி, இரண்டு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊற்றுங்கள். அடியில் வடியத் தொடங்கி, ஊற்றியதில் பத்தில் ஒரு பங்காவது வெளியே வர வேண்டும். அரை மக், கால் மக் என்று மேலே நனைத்துவிட்டுப் போவது வீண். மேல்வேர் மட்டும் வளரும், உப்பு உள்ளேயே தங்கும்.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. கலவை ஒரேயடியாகக் காய்ந்துவிட்டால் கோகோபீட் சுருங்கிப் பையின் சுவரை விட்டு விலகும். விரல் நுழைகிற இடைவெளியே தெரியும். அப்போது ஊற்றினால் தண்ணீர் அந்த இடுக்கு வழியாகச் சரசரவென்று இறங்கி, சில விநாடியில் அடியில் வந்துவிடும். நாமும் நனைந்துவிட்டது என்று நினைப்போம். பையைத் தூக்கினால் இறகு மாதிரி இருக்கும். அப்படி ஆனால் ஓரங்களை ஒரு குச்சியால் கிளறி இடுக்கை மூடிவிட்டு, பையை ஒரு அகன்ற டப்பில் அரை மணி நேரம் நிறுத்தி அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். பிறகு எடுத்து வடிய விடுங்கள்.

அளவு கேட்டீர்கள், தோராயமாகச் சொல்கிறேன். நாற்றுப் பிடுங்கி நட்ட முதல் இரண்டு வாரம் வேரைச் சுற்றி ஒரு டம்ளர் போதும்; பை முழுவதையும் நனைத்து வைத்தால் நாற்று கழுத்தில் அழுகிச் சாயும். ஒரு சாண், ஒன்றரைச் சாண் செடிக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை முழு நனைப்பு, தை, மாசி மாதங்களில் இன்னும் தள்ளிப் போகலாம். காய் பிடித்து மூன்றடி நிற்கிற தக்காளி, மே மாத வெயிலில் நாளொன்றுக்கு 2 லிட்டர் வரை குடிக்கும். அதற்குக் காலையில் முழு நனைப்பு, சாயங்காலம் கனம் பார்த்து இன்னொரு தடவை. ஆக, உங்கள் இரண்டு மக் கணக்கு இன்றைய ஒரு சாண் செடிக்கு மிக அதிகம், அதே செடி வளர்ந்து காய்க்கும்போது கோடையில் போதாமலும் போகலாம். மேலே இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த இலை, கரும்புச் சோகை, தேங்காய் மட்டை என எதையாவது மூடாக்காகப் போட்டால் கோடையில் ஒரு தடவை ஊற்றுவது மிச்சமாகும். தண்டை ஒட்டி மட்டும் போடாதீர்கள். வெயில் நேரத்தில் இலையில் தண்ணீர் பட்டால் துளி கண்ணாடி மாதிரி வேலை செய்து சுடும் என்பதை நம்பவும் வேண்டாம். பகலில் வாடிக் கிடந்தால் அப்போதே ஊற்றலாம். குழாயில் வெயிலில் காய்ந்து நிற்கிற கொதிநீரை மட்டும் முதலில் வெளியே விட்டுவிடுங்கள்.

எந்தத் தண்ணீர் என்று நீங்கள் சொல்லவில்லை. சென்னையில் அதுதான் பாதி விடை. மெட்ரோ தண்ணீர் என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால், கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள்; சில நூறு ரூபாய்தான், மற்ற எந்த உரத்தையும்விட உருப்படியான செலவு. மீட்டர் 450 பிபிஎம்முக்குள் (லிட்டருக்கு 450 மில்லிகிராம்) காட்டினால் கவலையின்றி ஊற்றலாம். ஆயிரத்தைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் தாராளமாக வடிய விட்டே ஊற்ற வேண்டும். இரண்டாயிரத்துக்குப் பக்கத்தில் போனால் தொட்டிச் செடிக்கு அது லாயக்கில்லை. தக்காளி உப்பை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், மிளகாய் அதைவிடக் குறைவு, பீன்ஸ் பொறுக்கவே பொறுக்காது. ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரைச் செடிக்கு விடுவது சிக்கனம் மாதிரித் தோன்றும். அது வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் சேர்ந்த தண்ணீர். மாடி கழுவப் பயன்படுத்துங்கள், தொட்டிக்கு வேண்டாம். மழைநீரை ஒரு டிரம்மில் பிடித்துப் போர் தண்ணீருடன் பாதிக்குப் பாதி கலந்தால் செடி வேறு மாதிரி வளரும்.

உப்பு சேர்வதை மீட்டர் இல்லாமலும் பார்க்கலாம். பையின் விளிம்பிலும், வெளியே தையல் ஓரங்களிலும், கலவையின் மேலும் வெள்ளைப் பொடி படியும். விரலால் தேய்த்தால் நறநறக்கும். அதைக் கண்டால் பையின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக, விட்டு விட்டு ஊற்றி வடிய விடுங்கள். 20 லிட்டர் பைக்கு 40 லிட்டர், காலையில் தொடங்கினால் ஒரு மணி நேர வேலை. கோகோபீட் கட்டியையும் முதலிலேயே இப்படித்தான் அலச வேண்டும். கழுவாத நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு உண்டு. ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றினால், காப்பி நிறத்தில் வந்த தண்ணீர் வெளிர்மஞ்சளாகும், அப்போது சரி.

இப்போது உரத்துக்கு வருவோம். கோகோபீட்டில் சத்து என்று பெரிதாக ஒன்றுமில்லை, அது ஈரம் பிடிக்க மட்டும். சரியாக மக்காததாக இருந்தால் மற்ற சரக்கில் உள்ள தழைச்சத்தையும் (நைட்ரஜன்) தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். உங்கள் கலவையில் உணவு மண்புழு உரம்தான். அதுவும் மெதுவாகக் கொடுக்கிற உணவு. நன்றாக வளர்கிற செடிக்கு நட்டு ஒரு மாதம் வரை அதுவே தாங்கும். செடி புதிய இலை விட்டுக் கிளைக்கத் தொடங்கிய பிறகுதான் நாம் ஊட்ட வேண்டும்.

19:19:19ஐ நான் குறை சொல்லவில்லை. தழைச்சத்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாஷ்) மூன்றும் சமமாக உள்ள, தண்ணீரில் முழுக்கக் கரைகிற நல்ல உரம் அது. போட்ட முறைதான் தவறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 லிட்டரில் 1 கிராம் கரைத்தால் அதில் 190 மில்லிகிராம் தழைச்சத்து இருக்கும். வளர்ந்த காய்கறிச் செடிக்கே அது நிறைந்த அளவு. ஒரு டீஸ்பூன் என்பது சுமார் 5 கிராம். அதைத் தூவி ஒரு மக், அதாவது ஒரு லிட்டர், தண்ணீர் விட்டால் லிட்டருக்கு 900 மில்லிகிராமுக்கு மேல் போய்விடும். அவ்வளவு உப்புக் கரைசலில் வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, உள்ளே இருப்பதும் வெளியே போகும். இலை ஓரம் கருகியது அதனால்தான்.

சரியான முறை: 5 லிட்டர் வாளியில் அரை டீஸ்பூன், நன்றாகக் கரைத்து, வாரம் ஒரு முறை. அதாவது லிட்டருக்கு அரை கிராம். பூ வைத்த பிறகு லிட்டருக்கு 1 கிராம் வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம், பொட்டலத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி. பெரும்பாலும் அந்த அளவு வயலுக்கானது. காய்ந்த பைக்கு உரநீர் ஊற்றாதீர்கள். முதலில் வெறும் தண்ணீரால் நனைத்து, பிறகு உரநீர். நான்காவது வாரம் உரத்தை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீரைத் தாராளமாக வடிய விடுங்கள், தங்கிய உப்பு போய்விடும். காய் பிடிக்கும் காலத்தில் சாம்பல்சத்து அதிகம் வேண்டும் என்பது உண்மை. அதற்கு 13:0:45ஐ (பொட்டாசியம் நைட்ரேட்) ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் மாற்றிக் கொடுக்கலாம், அளவு அதேதான். யூரியாவைத் தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள்.

இயற்கை வழிதான் வேண்டும் என்றால் அதுவும் நன்றாகவே நடக்கும், ஆனால் பொறுமை வேண்டும். மாதம் ஒருமுறை மேல் கலவையைக் கிளறி இரண்டு கைப்பிடி மண்புழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசல்: 100 கிராமை 1 லிட்டரில் மூன்று நாள் ஊறவைத்து, வடிகட்டி, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றுங்கள். கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து 7 சதவிகிதம் அளவுக்கு உண்டு. மண்புழு உரத்தில் 1 முதல் 2 சதவிகிதம்தான். ஆகவே இதையும் இயற்கைதானே என்று அள்ளிப் போடக் கூடாது. ஊறவைக்காமல் தூளாகப் போட்டால் பூஞ்சணம் பூத்து, எறும்பு வந்து, நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வருவார். மீனும் வெல்லமும் ஊறவைத்த மீன் அமிலம் லிட்டருக்கு 5 மில்லி போதும். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யம் இன்று எந்த இயற்கை அங்காடியிலும் கிடைக்கிறது. அதன் அளவு 3 சதவிகிதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி; வடிகட்டி இலையில் தெளிக்கலாம். அது ஊக்கம் தரும், ஆனால் அதை மட்டும் நம்பிக் காய்க்க வைக்கிற அளவுக்கு அதில் சத்து இல்லை என்பது என் கருத்து. அரிசி கழுவிய தண்ணீர், வாழைப்பழத் தோல் ஊறல் எல்லாம் ஊற்றினால் கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை. முட்டை ஓடு நம் ஊர்க் கடினத் தண்ணீரில் கரைவதற்குள் செடியே முடிந்துவிடும்.

இலையைப் படிக்கப் பழகினால் பாதி சந்தேகம் தீரும். அடியிலை ஒரே சீராக மஞ்சளானால், கலவையில் ஈரமும் சரியாக இருந்தால், தழைச்சத்துக் குறைவு. அடியிலையில் நரம்பு பச்சையாக நிற்க நடுப்பகுதி வெளுத்தால் மக்னீசியம். எப்சம் உப்பு லிட்டருக்கு 2 கிராம் கரைத்து ஒரு முறை தெளித்துப் பாருங்கள். அதே கோலம் உச்சி இலையில் தெரிந்தால் இரும்பு. போர் தண்ணீரின் காரத்தால் இரும்பு இருந்தும் செடிக்குக் கிடைக்காமல் போவதுதான் பெரும்பாலும் காரணம். தக்காளியின் அடியில் கறுத்துக் குழிந்து அழுகுவதைப் பார்த்ததும் சுண்ணாம்புச் சத்தைத் தேடி ஓடுகிறார்கள். போர் தண்ணீரில் சுண்ணாம்பு வேண்டிய மட்டும் இருக்கிறது. ஒரு நாள் காயப்போட்டு மறுநாள் மூழ்கடித்தால் அது காய் வரை போய்ச் சேராது, அவ்வளவுதான். தண்ணீரைச் சீராக்கினால் அடுத்த கொத்து நன்றாக வரும்.

மிளகாயில் இலை சுருண்டால் உரத்தைத் தொடவே தொடாதீர்கள், அது பெரும்பாலும் பூச்சி. மேல்நோக்கிப் படகு மாதிரிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். தழைச்சத்தைக் கூட்டினால் இளந்தளிர் பெருகி அவற்றுக்கு விருந்தாகும். அதேபோல மே மாதத்தில் தக்காளிப் பூ கொட்டுவதற்கும் உரம் மருந்தல்ல. இரவு வெப்பமும் 28 டிகிரியில் நிற்கும்போது தக்காளி காய் பிடிப்பது கடினம். நிழல்வலை கட்டி, செடியைக் காப்பாற்றிக்கொண்டு, ஆடிப்பட்டத்துக்குப் புது நாற்று விடுவதே புத்திசாலித்தனம்.

இப்போது இருக்கிற செடிகளுக்கு: இன்றே தட்டை எடுத்துச் செங்கல் மேல் ஏற்றுங்கள். மேலே தூவிய உரம் இன்னும் தெரிந்தால் அந்த மேல் கலவையைச் சுரண்டி எறியுங்கள். பிறகு மேலே சொன்னபடி ஒரு முறை முழுதாக அலசி வடிய விட்டு, கனம் பாதியாகும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். கோடையில் மூன்று நான்கு நாள், மற்ற காலத்தில் ஒரு வாரம்கூட ஆகலாம். கருகிய இலை திரும்பப் பச்சையாகாது, அதைப் பார்க்காதீர்கள். உச்சியில் வருகிற புது இலை சுத்தமாக வந்தால் வேர் தேறிவிட்டது என்று பொருள். அப்புறம் அரை கிராம் கணக்கில் தொடங்கலாம். மண்ணில் கெட்ட வாடை அடித்தாலோ, ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்து வேர் பழுப்பாக உருவிக்கொண்டு வந்தாலோ அதோடு போராட வேண்டாம், புது நாற்று நடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் கதை தலைகீழ். நாள் கணக்கில் மழை பெய்தால் ஊற்ற வேண்டியதே இல்லை. துளை அடைத்திருக்கிறதா என்று மட்டும் ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். மழை நீர் சத்தையெல்லாம் அலசிக்கொண்டு போயிருக்கும். வெயில் அடித்து இரண்டு நாள் காய்ந்த பிறகு ஒரு தடவை உரநீர் கொடுத்தால் செடி பளிச்சென்று எழும்பும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். தை மாதக் குளிரில் முழு நனைப்பும் மூடாக்கும் இருந்தால் சிறிய செடி நான்கு ஐந்து நாள் தாராளமாகத் தாங்கும். காய்த்து நிற்கிற செடியென்றால் பைகளை நிழலில் நெருக்கி வைத்து, நடுவில் உயரமான இடத்தில் ஒரு வாளித் தண்ணீர், அதிலிருந்து ஒவ்வொரு பைக்கும் ஒரு பருத்திக் கயிறு; கயிற்றை முதலிலேயே நனைத்து, ஒரு முனையை வாளியின் அடிவரையும் மறு முனையைக் கலவைக்குள் நான்கு அங்குலமும் விட்டுவிடுங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே கட்டி, கயிறு எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. திரும்பி வந்த அன்றைக்கு வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், உரத்தை அடுத்த நனைப்பில் வைத்துக்கொள்ளலாம்.